இடது காலுக்குக் குளிரவில்லை

மார்ச் 3

தம்பிக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் உன் கை போனைத்தான் தேடும். வேண்டாம். போனில் நான் கத்துவேன், நீ ஊமையாக நிற்பாய். அப்பாவின் காரியம் முடிந்த அன்று வாசலில் நின்று பேசியதே நமக்கு இரண்டு வருஷத்துக்குப் போதுமானதாக இருந்தது. எழுதினால் மூச்சு விடவாவது நேரம் கிடைக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு வகுப்பை முடித்துவிட்டு வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். மருந்துக்கடைப் பெண் பின்னாலிருந்து ஓடிவந்தாள். கையில் ஒரு செருப்பு.

"மேடம், உங்களுதுதானே? அங்கயே கழண்டு கெடந்துச்சு."

குனிந்து பார்க்கிறேன், என் இடது கால் வெறுங்காலாக இருக்கிறது. எங்கே கழன்றது, எவ்வளவு தூரம் அப்படியே நடந்தேன், எதுவும் தெரியவில்லை. ஜல்லி கொட்டியிருந்த தெரு. உள்ளங்காலில் ரத்தம். வலி இல்லை. "வயசாச்சும்மா" என்று அவளிடம் சிரித்துச் சமாளித்தேன்.

மறுநாள் காலையில் குளத்தில் இறங்கும்போது கவனித்தேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. வலது காலுக்குக் குளிர்ந்தது. இடது காலுக்குக் குளிரவில்லை. சரி, குளிர்கிற காலாவது நல்ல கால் என்று பார்த்தால், படியேற மக்கர் பண்ணுவது அதுதான். கையால் தொடையைப் பிடித்துத் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறது. இது போக, மார்புக்குக் கீழே யாரோ பெல்ட்டை இறுக்கிக் கட்டிவிட்ட மாதிரி ஒரு பிடிப்பு, பல மாதமாக. நீந்தும்போது சுளுக்கியிருக்கும் என்று விட்டுவிட்டேன். தண்ணீருக்குள் இருக்கும்வரை கால் சொன்னபடி கேட்கிறது. அதுதான் என்னை ஏமாற்றியிருக்கிறது.

அப்பாவுக்கும் ஆரம்பம் இப்படித்தான் இருந்ததா? நான் அப்போது பயிற்சி முகாமில் இருந்தேன். பக்கத்தில் இருந்தவன் நீ. அதை மட்டும் எழுது. வேறெதுவும் கேட்கவில்லை.

அக்கா

மார்ச் 11

அக்காவுக்கு,

கேட்டதற்கு மட்டும் பதில் எழுதிவிட்டு நிறுத்துவது என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருப்பது ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில், லிப்ட் மோட்டார் இருக்கும் அறையில். வந்த பழுதைப் பார்த்தாகிவிட்டது. கீழே இறங்கினால் அடுத்த கட்டடத்துக்குத் துரத்திவிடுவார்கள். எழுத்து கோணலாக இருந்தால் மோட்டார் ஆட்டுகிறது என்று எடுத்துக்கொள்.

அப்பாவுக்குச் செருப்பு கழலவில்லை. முதுகுவலிதான். நின்றால் பரவாயில்லை, படுத்தால் வலிக்கும். உட்கார்ந்தே தூங்கினார். பிறகு இரண்டு காலும் மணல் மூட்டை மாதிரி கனக்கிறது என்றார். தைலம் தடவினோம். நரம்புத் தளர்ச்சி என்று ஒருவர் ஊசி போட்டார். ஒரு நாள் காலையில் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. "டேய், கால எங்கடா வச்சேன்?" என்று என்னைக் கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். நானும் சிரித்தேன். அதன் பிறகும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகப் பல நாள் ஆகிவிட்டது.

வேறெங்கோ இருந்த புற்று முதுகெலும்புக்குப் பரவி, உள்ளே ஓடும் தண்டுவடத்தை நசுக்கியிருந்தது. அங்கிருந்த டாக்டர் அன்றைக்கே சொன்னார்: "கட்டிய எடுத்துடலாம். வலி குறையும். காலத் திருப்பிக் குடுக்க முடியும்னு எனக்குத் தோணல." தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். வலி குறைந்தது. அப்பா முதுகைச் சாய்த்துத் தூங்கினார். கால் வரவில்லை.

இதை நான் அன்றைக்கே சொல்லியிருப்பேன். நீ வாயைத் திறக்க விட்டால்தானே? "நடந்துக்கிட்டிருந்த மனுஷன கத்தி வச்சுப் படுக்கப் போட்டுட்டியேடா" என்று வாசலில் எல்லார் முன்னாலும் சொன்னாய். கத்தி வைத்த அன்றைக்கு அவர் நடந்து பல நாள் ஆகியிருந்தது அக்கா.

அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் அவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிப் போட்டவன் நான். நீ வருவாய், கட்டில் ஓரம் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டுவாய், போய்விடுவாய். நீ வந்தால் முகம் மலரும். என்னைக் கண்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார், புரட்டுகிறவன் வந்துவிட்டான் என்று.

நீ கேட்காததையெல்லாம் எழுதிவிட்டேன். பேனாவால் அடித்தாலும் கீழே எழுதியிருப்பது தெரியும், விடு.

ஸ்கேன் எடுத்தாயா? இல்லையென்றால் இதைக் கீழே வைத்ததும் கிளம்பு.

தம்பி

மார்ச் 20

தம்பிக்கு,

போனேன். ஒரு குழாய்க்குள் படுக்க வைத்தார்கள். காதோரம் தகரத்தைத் தட்டுகிற மாதிரி சத்தம். தண்ணீரில் இருபது பிள்ளைகளை ஒரே விசிலில் அடக்குகிறவள், அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தேன்.

கட்டிதான். திராட்சை அளவு. நடு முதுகில், தண்டுவடத்தை வலப்பக்கமிருந்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. டாக்டர் ஒரு பெண், என்னைவிட ரொம்பச் சின்னவள். படத்தைக் காட்டி, "கட்டி நல்ல கட்டிதாங்க. புத்து மாதிரி தெரியல. இருக்கற எடந்தான் பொல்லாத எடம்" என்றாள். தண்டுவடத்தின் உறையிலிருந்து மெதுவாக வளர்வதாம். என் வயதுப் பெண்களுக்கு வருவதுதானாம். அப்பாவுக்கு வந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லையாம். ஒரு கால் பலமிழப்பதும் மறு கால் குளிரை மறப்பதும் கூட அவளுக்கு ஆச்சரியமாக இல்லை. இரண்டுக்கும் நரம்பு வேறு வேறு வழியில் போகிறது என்றாள்.

"எடுத்துட்டா பழையபடி ஆயிடுவேனா?" என்று கேட்டேன்.

"நடந்து வர்றவங்க பெரும்பாலும் நடந்துதான் போறாங்க. தூக்கிட்டு வர்றவங்களுக்கு அப்படிச் சொல்ல முடியறதில்ல. சிலர் எழுந்திரிக்கறாங்க. சிலர் உக்கார்றதோட நின்னுடறாங்க. நீங்க இப்ப நடந்து வந்திருக்கீங்க."

"ஆபரேஷனாலயே மோசமானவங்க?"

"இருக்காங்க. உங்ககிட்ட மறைக்க மாட்டேன். எடுத்த உடனே கால் இன்னும் சோர்ந்து போகலாம். நெறைய பேருக்கு அது திரும்பிடும். சில பேருக்குத் திரும்பாது."

மே மாதம் பிள்ளைகளுக்குப் போட்டி இருக்கிறது. அது முடியட்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவள் முகம் போன போக்கு சரியில்லை. இருந்தாலும் பாதியில் ஒரு வேலையை விட்டுவிட்டுப் போகிறவளா நான்?

போட்டி ஒரு சாக்கு என்று எழுதாதே. நீ அப்பாவைப் புரட்டினதை எழுதியிருந்தாயே, அந்தப் பக்கத்தை நான் மூன்று நாள் மடித்தே வைத்திருந்தேன். என்னை யாரும் புரட்டக் கூடாது. நடக்க முடிகிற வரைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். அதைக் கத்திக்குக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் கிடக்க மாட்டேன்.

அக்கா

மார்ச் 28

அக்காவுக்கு,

சாக்கு என்று எழுதக் கூடாது என்றாய். எழுதவில்லை. மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

என் வேலையில் அடிக்கடி நடப்பது ஒன்று. லிப்டைத் தாங்குகிற கம்பி வடத்தில் ஒவ்வொரு இழையாக அறுந்துகொண்டே வரும். லிப்ட் பாட்டுக்கு ஏறும், இறங்கும். மாற்றணும் சார் என்றால் கட்டடக்காரர், "ஓடுதுல்ல? அப்பறம் பாத்துக்கலாம்" என்பார். ஓடுகிறபோது மாற்றினால் ஒரு பகல் வேலை. நின்றுபோன பிறகு கூப்பிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களை முதலில் வெளியே எடுக்க வேண்டும்.

அந்த டாக்டர் அவ்வளவு சொன்னதில் உன் காதில் விழுந்தது "திரும்பாது". எனக்கு விழுந்தது "இப்ப". அப்பா தூக்கிக்கொண்டு போகப்பட்டவர். நீ நடந்து போனவள். மே மாதம் யார் கண்டது? தலைக்கு மேலே வெள்ளம் போனபின் சாண் என்ன முழம் என்ன என்று நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவளிடம் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் உயிருக்காக மட்டும் நான் இவ்வளவு எழுதவில்லை. என் உயிரும் இதில் இருக்கிறது. நீ படுத்தால் வரப்போவது நான்தான். வேறு யார் இருக்கிறார்கள்? வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வந்து மறுபடியும் அந்த வேலை செய்ய இந்த உடம்பில், இந்த மனதில் தெம்பு இருக்கிறதா என்று தெரியவில்லை. இன்னமும் சில நாள் கையில் அந்த மருந்து வாடை அடிக்கிறது. கழுவினாலும் போவதில்லை.

வீட்டில் சொன்னேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "போகணும்னா போங்க. நான் ஏன் தடுக்கப் போறேன்? ஆனா போன தடவை திரும்பி வந்தீங்களே, அந்த மாதிரி வராதீங்க" என்றாள்.

எனக்காகவாவது சீக்கிரம் செய்துகொள். இப்படிக் கேட்பது சுயநலம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

தம்பி

ஏப்ரல் 7

தம்பிக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். மடியில் தலையணை, அதன் மேல் பேப்பர்.

உன் கடிதம் வந்த அன்று கோபத்தில் கிழிக்கப் போனேன். மறுநாள் குளத்திலிருந்து வெளியே ஏறும் படியில் விழுந்தேன். வலது கால் மடங்கிக்கொண்டது, இடது கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பட்ட காலிலேதானே படும். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. இப்போது எதையாவது பிடித்துக்கொண்டால்தான் நிற்கிறேன். டாக்டர் திட்டவில்லை. "இன்னும் நடக்கறீங்க, அது போதும்" என்று வீக்கம் குறைய மருந்து கொடுத்து, வருகிற செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் என்று முடிவு செய்துவிட்டாள். பிள்ளைகளை உதவிப் பயிற்சியாளரிடம் ஒப்படைத்துவிட்டேன்.

எதிர்க் கட்டிலில் ஒரு தையல்காரம்மா. எனக்கு இருப்பது போன்றே கட்டி, அதே இடம். குளிர் ஜுரம் வந்து கால் விழுந்துவிட்டது என்று ஒரு மாதம் வீட்டிலேயே போட்டு வைத்திருந்தார்களாம். ஸ்ட்ரெச்சரில் வந்தாள். "மெஷின மிதிச்ச காலு, படுத்துத் தூங்கிட்டுப் போவட்டும்" என்று சிரிக்கிறாள். அவளுக்கும் செவ்வாய்தான், எனக்கு முன்னால்.

சம்மதக் கையெழுத்து நானே போட்டேன். ஒரே ஒரு கையெழுத்து, அதுவும் என் உடம்புக்கு. அதற்கே பேனாவை இரண்டு தடவை கீழே வைத்தேன். நீ அப்பாவின் உடம்புக்குப் போட்டாய், கால் வராது என்று தெரிந்தும் போட்டாய். வாசலில் நான் சொன்னது தப்பு. எல்லார் முன்னாலும் சொன்னதை இந்தக் கடிதத்தில் தனியாகத் திரும்ப வாங்கிக்கொள்வது நியாயமில்லைதான். இப்போதைக்கு என்னால் முடிந்தது இது.

உன் வீட்டுக்காரி சொன்னது சரி. வரவேண்டும் என்று இல்லை. போன் பண்ணு. கத்த மாட்டேன்.

அக்கா

ஜூலை 15

அக்காவுக்கு,

நேற்றுக் காலையில் உன் வீட்டிலிருந்து இங்கே வந்து சேர்ந்தேன். லீவு முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கும்போதே கிளம்பி வந்தது ஏன் என்று வீட்டில் கேட்டாள். பஸ் கிடைத்தது என்றேன்.

நீ சொன்னது வழியெல்லாம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. நீ வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு நடந்தாய். நான் பின்னாலேயே வந்து அக்குளில் கையைக் கொடுத்தேன். "விடுடா" என்றாய். விடவில்லை. "அப்பாகிட்ட கத்துக்கிட்டதையெல்லாம் என்கிட்ட காட்டாதடா. நான் இன்னும் சாகல!" என்று கத்தினாய். கத்த மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவள்தான் நீ. நான் பையை எடுத்துக்கொண்டேன்.

பாதி வழி வரைக்கும் கோபம்தான். மூன்று மாதம் சம்பளமில்லாமல் வந்து உட்கார்ந்திருந்தவனுக்கு இது வேண்டும் என்று நினைத்தேன். அப்புறம் ஆபரேஷன் நடந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது.

அன்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்டர் வந்து, "முழுசா எடுத்தாச்சு. நரம்பு நல்லா நசுங்கியிருந்துச்சு. இனிமே அது பாடு" என்றார். உன்னைப் பார்க்க விட்டபோது நர்ஸ் உன் போர்வையை விலக்கி, "வெரல அசைங்கம்மா" என்றாள். இடது கால் விரல் அசைந்தது. வலது கால் அசையவில்லை. மறுபடி சொன்னாள். நீ பல்லைக் கடித்தாய், நெற்றி வியர்த்தது, அந்தக் கால் அப்படியே கிடந்தது. அப்பாவின் கால் அப்படித்தான் கிடக்கும். பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி.

அந்த நிமிஷத்திலேயே நான் முடிவு கட்டிவிட்டேன் அக்கா. அடுத்த மாதம் உன் கட்டைவிரல் துளி அசைந்தபோது பயிற்சி கொடுக்கிற பையன் கைதட்டினான், எதிர்க் கட்டில் தையல்காரம்மா படுத்தபடியே கைதட்டினாள். நான் தட்டவில்லை. கண் பார்த்தது, மனசு நம்பவில்லை. நீ கம்பியைப் பிடித்து எழுந்து நின்றாய், அப்போதும் நம்பவில்லை. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கால் கதைதான், அதற்கு ஒரே முடிவுதான். உன் பக்கத்தில் இருந்து நான் கவனித்துக்கொண்டதெல்லாம் அப்பாவைத்தான். நீ ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று, நான் அப்பா இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய்.

அதனால் கத்தினது சரிதான். ஆனால் பையை எடுக்கும்போது ஒரு வார்த்தை தடுத்திருக்கலாம் நீ.

வீட்டில் இவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பரவால்ல, போன தடவ மாதிரி வரல" என்றாள். உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

தம்பி

அக்டோபர் 9

தம்பிக்கு,

தடுத்திருக்கலாம்தான். வாசல் வரைக்கும் வந்தேன். நீ தெருமுனை திரும்பிவிட்டாய். வாக்கரோடு உன்னைத் துரத்திப் பிடிக்கிற அளவுக்கு இன்னும் தேறவில்லை.

போன வாரம் ஆறு மாதச் சோதனைக்குப் போனேன். உன் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் எழுதாததற்கு அதுதான் காரணம். நல்ல செய்தியோடு எழுதலாம் என்று ஒரு பேராசை. வாக்கர் போய்விட்டது. கைத்தடி இருக்கிறது. இடது காலுக்குச் சூடும் குளிரும் ஓரளவு வந்துவிட்டன. வலது காலை இடுப்பிலிருந்து தூக்க முடிகிறது. கணுக்கால்தான் வரவில்லை. பாதம் தொங்கி இடறுகிறது என்று பிளாஸ்டிக்கில் ஒரு தாங்கி கொடுத்திருக்கிறார்கள், அதைக் கட்டி அதன் மேல் ஷூ போட்டுக்கொள்கிறேன். "இது வருமா?" என்று கேட்டேன். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "ஒரு வருஷம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா வரலாம். அந்தக் கணுக்கால் வரும்னு நான் எதிர்பார்க்கல" என்றாள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். ஆட்டோக்காரர் அதுவரை பொறுமையாக நின்றார்.

அப்படியே தையல்காரம்மா வீட்டுக்குப் போனேன். அவளுக்குக் கால் வரவில்லை. உட்கார்கிறாள், சக்கர நாற்காலியில் வாசல்வரை வருகிறாள். மெஷினுக்கு மோட்டார் மாட்டி, முழங்கையால் அழுத்துகிற மாதிரி அவள் மகன் ஏதோ செய்து கொடுத்திருக்கிறான். என் ஷூவைப் பார்த்தாள். "நடந்து வந்தியா?" என்றாள். ஆமாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அதே டாக்டர், அதே கட்டி, அதே செவ்வாய்க்கிழமை. இதில் நான் கெட்டிக்காரி என்று மார்தட்ட ஒன்றுமே இல்லை தம்பி. போ போ என்று எனக்கு எழுத ஒருத்தன் இருந்தான், அவ்வளவுதான்.

குளத்தில் என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், ஆனால் போட்டிப் பிள்ளைகளுக்கு இல்லை. குளத்து ஓரம் ஓடிக்கொண்டே விசிலடிக்க வேண்டிய வேலை அது. எனக்குக் கொடுத்திருப்பது தண்ணீரைக் கண்டு பயப்படுகிற பெரியவர்கள் வகுப்பு. முதலில் அவமானமாக இருந்தது. சரி போ, வீட்டில் இருப்பதற்கு இது மேல் என்று போனேன். கைப்பிடியைப் பிடித்துப் பின்பக்கமாகப் படி இறங்குகிறேன். மார்பளவு தண்ணீரில் நின்றுவிட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

நேற்று ஒரு பஸ் டிரைவர் வந்தார், ஐம்பது வயது இருக்கும். சுவரைப் பிடித்த கையை விடவே மாட்டேன் என்றார்.

"நான் முங்கிட்டா நீங்க பாய்ஞ்சு வந்து தூக்கிடுவீங்கள்ல?"

"மாட்டேன்" என்றேன். "என்னால பாய முடியாது. தூக்கறதுக்கு அதோ அந்தக் கோடியில ஒருத்தர் சம்பளம் வாங்கிட்டு உக்காந்திருக்காரு. நான் இருக்கறது நீங்க முங்காம இருக்கறதுக்கு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபோது கை சுவரை விட்டது. இரண்டு எட்டு நடந்தார், மூன்றாவது எட்டில் பயந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் ஆடினேன், விழவில்லை.

வகுப்பு முடிந்து நான் படியில் உட்கார்ந்து தாங்கியைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் துண்டைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்தார். பார்க்காத மாதிரி பார்க்கிறவர்கள்தான் அதிகம். இவர் நேராகவே கேட்டார்.

"கால் என்னாச்சுங்க மேடம்?"

"முதுகுல ஒரு கட்டி இருந்துச்சுங்க. கால் போயிடுச்சு. எடுத்ததுக்கப்பறம் இவ்வளவு திரும்பி வந்துச்சு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, நாளைக்கும் இதே நேரம்தானே என்று கேட்டுவிட்டுப் போனார்.

இன்றைக்கு இதை உனக்கு எழுதும்போதுதான் கவனிக்கிறேன். இவ்வளவு திரும்பி வந்தது என்றுதான் அவரிடம் சொன்னேன். இவ்வளவுதான் என்று நான் சொல்லவில்லை.

அக்கா